வடக்கு வெள்ளி நின்ன இடம்

உக்காருங்க தம்பி. கரண்டு ஆபீசுல இருந்து, அந்த ஒசரக் கம்பத்து ஹைமாஸ் லைட்டோட ஃபீஸ் கட்டையை எவன் புடுங்குனான்னுதான கேட்டு வந்திருக்கீங்க? நாந்தான் புடுங்குனேன். இந்தாங்க, புடிங்க. மொதல்ல பைக்குள்ள போடுங்க, பெறகு பேசுவோம். பொழுது அடைய இன்னும் நேரம் கெடக்கு. மாட்டுறதுக்கு எம்புட்டு நேரம் ஆவப்போவுது?

தெருவுல எவன் எவனையோ சந்தேகப்படுதானுவ. மூணு ராத்திரியா இருட்டு. சீட்டு வெளையாடுத பயலுவளைப் புடிச்சு வஞ்சிருக்கானுவ. ஒருத்தனாவது இந்த மெம்பர் பிச்சையா வீட்டுக் கதவைத் தட்டுனானா? தட்ட மாட்டான். ஏன்னா அந்த லைட்டைக் கொண்டுவந்தது யாரு? நான். வார்டு மெம்பரா இருந்த காலத்துல நான் கேட்டது அந்த ஒண்ணுதான். கலெக்டர் ஆபீசுல திங்கக்கெழமை மனுக் குடுக்குத கூட்டத்துல என் மூஞ்சி தெரியாத பியூன் கெடையாது. "வாரும் லைட்டு"ன்னுதான் கூப்பிடுவானுவ. அப்படிக் கொண்டுவந்தவனே அதை அமத்துவான்னு யாருக்குத் தோணும், நீங்களே சொல்லுங்க.

காப்பி குடிங்க. கருப்பட்டி கொஞ்சம் தூக்கலா இருக்கும், நான் போட்டது. வீட்டுல பொம்பளை கெடையாது. எம் பொண்டாட்டி சண்முகக்கனி போயி எட்டு வருசம் ஆச்சு. அன்னா மாலை போட்டுருக்கே, அவதான்.

அவளுக்குப் பக்கத்துல ஒரு பெரிய படம் மாட்டியிருக்கு பாருங்க. கிட்டக்கப் போயிப் பாருங்க, சும்மா போங்க. எங்க பய சரவணவேல் எடுத்தது. கறுப்பு வானம், அதுல வட்டம் வட்டமா வெள்ளைக் கோடு, செக்குமாடு சுத்துன தடம் மாதிரி. அம்புட்டும் நட்சத்திரம். ராத்திரி பூரா அது நகருதுல்லா, அந்தத் தடம். நடுவுல பளீர்னு வெள்ளையா எரியுது பாருங்க, அது நம்ம ஹைமாஸ். வீட்டுக்கு வாரவன் போறவன் எல்லார்ட்டயும் இதைத்தான் காட்டுவேன். "பாத்தியாடே, மெம்பர் போட்ட லைட்டை வானமே சுத்தி வந்து கும்பிடுது"ன்னு சொல்லுவேன். நாலு வருசமா சொல்லிட்டு இருந்தேன்.

அந்தப் படத்தாலதான் இப்ப ஃபீஸைப் புடுங்குனது. இருங்க, மொதல்ல இருந்து சொல்லுதேன், அப்பத்தான் வெளங்கும்.

ஒரு காலத்துல பாதி நாளு கரண்டு இருக்காது, ஞாபகம் இருக்கா? நீங்க அப்ப பள்ளிக்கூடம் போயிட்டு இருந்திருப்பீங்க. ராத்திரி கரண்டு போனா போச்சு, எப்ப வரும்னு மின்சார மந்திரிக்கே தெரியாது. நான் காத்தோட்டமா டீக்கடைப் பக்கம் போயிருவேன். அவளும் பயலும் பாயை எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிருவாங்க. அங்க படுத்துக்கிட்டு வானத்தைப் பாப்பாங்களாம். வடக்க, கீழ்வாக்குல, ஒரு பனைமர ஒசரத்துல, மங்கலா ஒண்ணு இருக்கும். வடக்கு வெள்ளின்னு அவளா ஒரு பேரு வச்சிருந்தா. பயதான் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு வந்து அது துருவ நட்சத்திரம்னு சொல்லியிருக்கான். மத்தது எல்லாம் நகரும், அது மட்டும் அந்த எடத்துலயே நிக்குமாம். "உங்கப்பா மாதிரிடா, எப்ப திரும்பிப் பாத்தாலும் நிக்கும்"னு சொல்லுவாளாம். எங்கிட்ட ஒருநாளும் சொன்னது கெடையாது. பய சொல்லித்தான் எனக்கே தெரியும். அவ மனசுல நான் அப்படி இருந்திருக்கேன், பாருங்க.

பய வளந்தான், படிப்பு ஏறல, விளாத்திகுளத்துல கனகசபைங்கிறவரு ஸ்டுடியோவுல சேந்தான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எல்லாத்துக்கும் போவான். சொந்தமா ஒரு கேமரா வாங்குனான். வாங்குனவன் நாலு காசு பாப்பான்னு நெனச்சா, ராத்திரி அதை ஸ்டாண்டுல வச்சு மாடியில வடக்குப் பாத்து நிப்பாட்டிட்டு உக்காந்திருக்கான். அது பாட்டுக்கு டிக்கு டிக்குன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். விடிஞ்சதும் அம்புட்டையும் லேப்டாப்புல ஒண்ணா சேத்தா வட்டம் வட்டமா வருமாம். ஊடால ஒரு வெளிச்சம் பட்டுறப்படாது. ஒருத்தன் பீடி பத்த வச்சாக்கூடப் படம் கெட்டுரும்பான். மாடிப்படி லைட்டைப் போட்டுட்டேன்னு எங்கிட்ட சண்டைக்கு வருவான். அவ என்னடான்னா, பயலுக்குச் சாதகமா வீட்டுக்குள்ளயே இருட்டுல தடவித் தடவி நடப்பா. எனக்கு வயிறு எரியும்.

சரி, விசயத்துக்கு வாரேன். மாசி சிவராத்திரிக்கு நாங்க குலசாமி கோயிலுக்குப் போறது. அதுக்கு முந்தின நாளு, தேங்கா, பழம், சாமிக்கு வேட்டி, எல்லாம் வாங்க விளாத்திகுளம் போனா. கடைசி பஸ்ஸுல வந்து எறங்குனா. பஸ் நிக்குத எடத்துல இருந்து எங்க வீட்டுக்கு வண்டித்தடம்தான், ரெண்டு பக்கமும் வேலிக்கருவை. வீட்டுக்கு நேர் வடக்க. அமாவாசையை ஒட்டுன இருட்டு. ரெண்டு கையிலயும் பை. இப்ப ஹைமாஸ் நிக்குதே, அந்த எடத்துல பூச்சி கெடந்திருக்கு. நல்லபாம்பு.

நான் அப்ப டீக்கடையில இருந்தேன். எலெக்சன் வாரப்போற நேரம், நாலு பேரோட பேசிக்கிட்டு இருந்தேன். போன் பண்ணுனா. எறங்கிட்டேன், கண்ணு தெரியாத இருட்டா கெடக்கு, டார்ச்சை எடுத்துட்டு வாங்கன்னா. அன்னா தெரியுத வீட்டுக்கு டார்ச்சு என்னத்துக்கு, ரெண்டு எட்டு வச்சா போயிரலாம்னு சொல்லிட்டு வச்சேன். யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவான். நீங்களும் அதைத்தான் சொல்லுவீங்க. ஓட்டுக் கேக்கப் போறவன், நாலு பேரு முன்னால பொண்டாட்டி கூப்பிட்டான்னு எந்திரிச்சு ஓட முடியுமா? போன்ல யாருன்னு கேட்டானுவ. பஞ்சாயத்து ஆபீசுன்னு சொல்லிட்டேன். தப்பு அதுல இல்ல தம்பி. தப்பு இருட்டு மேல. அந்த எடத்துல ஒத்தை லைட்டு எரிஞ்சிருந்தா அவ இன்னிக்கு உசுரோட இருப்பா. இந்தக் காப்பியை அவ போட்டுக் குடுத்திருப்பா.

அலறுன சத்தம் மாடிக்கே கேட்டுருக்கு. பயதான் மொதல்ல ஓடுனான். நாங்க ஆட்டோவைப் புடிச்சுக் கொண்டு போறதுக்குள்ள அவளுக்கு நாக்குக் கட்டிப்போச்சு. ஒரு வார்த்தை பேசல. என்னைப் பாத்தா, அவனைப் பாத்தா. விடியுததுக்கு முன்ன முடிஞ்சுபோச்சு.

மறுநா நடுவீட்டுல கெடத்தியிருக்கு. ஊரு சனம் பூரா நிக்கி. நான் மாருல அடிச்சு அழுதேன். "ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பேனே பாவி, ஒரு வார்த்தை கூப்பிடலையே"ன்னு அழுதேன். கேட்டு நின்ன பொம்பளைங்க எல்லாம் அழுதாங்க. அழுகையில வாயில வாரதுதான் அது. துக்க வீட்டுல ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பாத்துப் பேச முடியுமா? அவ மூக்குக்கண்ணாடியையும் அந்தப் பட்டன் போனையும் அவகூடவே குழிக்குள்ள வச்சேன். அவ பொருள் அவகிட்டயே இருக்கட்டும்னுதான்.

அன்னியில இருந்து பய பேச்சு கொறஞ்சு போச்சு. வருசா வருசம் சிவராத்திரிக்கு முந்தின நாளு, நான் அவ படத்துக்கு முன்ன எலை போட்டுச் சாமி கும்பிட்டு முடிச்சதும், அவன் கேமராவைத் தூக்கிட்டு மாடிக்குப் போயிருவான். விடிய விடிய எறங்க மாட்டான். ஒருதடவை கேட்டேன், என்னத்துக்குடா இந்தக் கூத்துன்னு. "அன்னிக்கு அம்மா கத்துனப்ப படம் ஓடிட்டு இருந்துச்சுப்பா. அது பாதியில நிக்கி. அதே ராத்திரியில ஒருதடவை முழுசா எடுத்து முடிச்சுட்டா போதும்"னான். ஒரு வருசம் மேகம் மூடிட்டு. ஒரு வருசம் பனி விழுந்து கேமரா கண்ணாடி பூரா தண்ணி. அவனும் விடல.

எனக்கு அது ஏறவே இல்ல தம்பி, உள்ளதைச் சொல்லுதேன். செத்தவளுக்கு நட்சத்திரத்தைப் படம் எடுத்தா என்ன வரப்போவுது? அந்த எடத்துல லைட்டைப் போட்டா இன்னொருத்தியாவது பொழைப்பா. அவன் மாடியில உக்காந்திருந்த காலத்துல நான் கலெக்டர் ஆபீசு வெயில்ல நின்னேன். யாரு பாசம் பெருசு?

கடைசியில சாங்சன் ஆச்சு. காண்ட்ராக்டர் பஸ் ஸ்டாப்புல நடுதேன்னான். முடியாதுன்னுட்டேன். அவ விழுந்த எடத்துலதான் நடணும்னு ஒத்தைக்கால்ல நின்னேன். தெறப்பு விழாவையும் அவ நாளுலயே வைக்கணும்னு எம்எல்ஏ வீட்டுக்கு அலையா அலைஞ்சு தேதி வாங்குனேன். பய அதுக்கு முந்தின ராத்திரி எங்கிட்ட வந்து நின்னான். வானம் நல்லா இருக்கு, ஒரே ஒரு நாளு தள்ளிப் போடுங்கப்பா, எனக்காகன்னு கேட்டான். ஏலே, எம்எல்ஏ குடுத்த தேதியை நீ மாத்தச் சொல்லுதியா, உங்கம்மாவுக்குத்தானடா இம்புட்டும் செய்யுதேன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டான்.

சாயங்காலம் சுவிட்சைப் போட்டாங்க. பட்டப்பகல் மாதிரி ஆயிட்டு, குண்டூசி விழுந்தா பொறுக்கலாம். கைதட்டுனானுவ. எனக்குப் பொன்னாடை போத்துனானுவ. நான் எங்க மாடியைத் திரும்பிப் பாத்தேன். பய கேமராவுக்குப் பக்கத்துல நின்னு அழுதுக்கிட்டு இருந்தான். அம்மாவுக்கு அப்பா இப்படி ஒரு காரியம் பண்ணிட்டாரேன்னு சந்தோசத்துல அழுதான்னுதான் நெனச்சேன். இம்புட்டு வருசமும் அப்படித்தான் நெனச்சேன்.

அடுத்த வாரமே ஓசூர்ல கம்பெனி வேலைக்குன்னு கெளம்பிட்டான். கொஞ்ச நாளு கழிச்சு ஸ்டுடியோவுல இருந்து இந்தப் படம் பிரேம் போட்டு வந்துச்சு, அப்பாகிட்டக் குடுக்கச் சொன்னான்னு. லைட்டைத் தெறந்த அன்னிக்கு ராத்திரி எடுத்ததுதான். எனக்குத் தலைகால் புரியல. ஆணி அடிச்சு மாட்டுனேன். அதுக்குப் பொறவு அவன் இந்த ஊரு மண்ணை மிதிக்கல. பொங்கலுக்கு இல்ல, அம்மா நாளுக்கு இல்ல. போன் பண்ணுவான். சாப்பிட்டீங்களாப்பான்னு கேப்பான், சாப்பிட்டேன்னு சொல்லுவேன், வச்சுருவான். ஒத்தைப் புள்ளை தம்பி. வயசு முப்பது தாண்டிட்டு, கல்யாணப் பேச்சு எடுத்தா அம்புட்டுத்தான், டவர் இல்லன்னு கட் பண்ணிருவான். இந்த வீட்டுல நான் மட்டும் சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். ராத்திரி ஒரு சட்டி சோறு பொங்கி மூணு வேளைக்குத் திங்கேன்.

போன வாரம் ஸ்டுடியோக்காரரு கனகசபை மகளுக்குக் கல்யாணம்னு பத்திரிகை வைக்க வந்தாரு. நான் வழக்கம்போலப் படத்தைக் காட்டி, வானமே நம்ம லைட்டைச் சுத்துதுன்னு ஆரம்பிச்சேன். மனுசன் என் மூஞ்சியையே பாத்தாரு. "அண்ணாச்சி, வெளங்கித்தான் பேசுதீரா? நடுவுல இருக்கவேண்டியது உம்ம லைட்டு இல்ல. துருவ நட்சத்திரம். அது நின்ன எடத்துலதான் உம்ம லைட்டு எரியுது. இதைப் பிரிண்டு போட்ட அன்னிக்குப் பய என் கடையில உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்"னாரு.

சுருக்குன்னு இருந்துச்சு. அவரு போன பொறவு சோறு எறங்கல. நாலஞ்சு நாளு யோசிச்சேன். ஒரு ராத்திரிக்கு அமத்துனா என்ன கொறஞ்சா போயிரும்? கட்டர்பிளேயரை எடுத்துட்டுப் போயி, பெட்டியைத் தொறந்து, ஃபீஸைப் புடுங்கிட்டேன். இந்த வயசுல திருடன் மாதிரி. வந்து மாடிக்கு ஏறுனேன். அவ போன பொறவு நான் அங்க ராத்திரி ஏறுனதே இல்ல. வடக்க பாத்தேன். மொதல்ல ஒண்ணும் தெரியல. கண்ணு பழகப் பழக, கம்பத்துத் தலைக்கு மேல, தம்மாத்தூண்டு ஒண்ணு. மினுக்கக்கூட இல்ல. இதுக்கா என் புள்ளை வீட்டை விட்டுப் போனான்னு ஆத்திரமா வந்துச்சு. பெறகு எனக்கும் அழுகை வந்துட்டு. அங்கயே துண்டை விரிச்சுப் படுத்துட்டேன்.

காலையில போனைப் போட்டேன். "ஏய்யா, நாளைக்கு அம்மா நாளு. லைட்டை அமத்திட்டேன். வானம் கழுவி விட்ட மாதிரி கெடக்கு. வண்டி ஏறி வா, படத்தை முழுசா எடுத்துட்டுப் போ"ன்னேன். நான் எறங்கி வந்து கேக்கேன், பய ஓடி வருவான்னு நெனச்சேன்.

அவன் இப்படிச் சொன்னான்.

"லைட்டு கெடக்கட்டும்ப்பா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அம்மா எனக்குத்தான் போன் பண்ணுனா. டார்ச் எடுத்துட்டு வாய்யான்னா. படம் ஓடிட்டு இருந்துச்சு. அந்தத் தடத்துல டார்ச்சோட போனா படத்துல கோடு விழும். அப்பாவைக் கூப்பிடும்மான்னு வச்சுட்டேன். அவ உங்களைக் கூப்பிடல. நீங்க அழுதீங்களே, ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பேன்னு. பெத்த புள்ளையே வரமாட்டேன்னுட்டான், இனி யாரைக் கூப்பிடன்னு மனசு விட்டு இருட்டுல நடந்துட்டா. நாந்தாம்ப்பா அம்மாவைக் கொன்னேன். அந்த வீட்டு வாசலை எப்படி மிதிப்பேன்?"

எட்டு வருசமா இதை நெஞ்சுக்குள்ள வச்சிருந்திருக்கான். தின்னானோ, ஒறங்குனானோ. அவ கூப்பிட்டாய்யா, ஒனக்குப் பொறவு என்னையும் கூப்பிட்டான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வந்துச்சு தம்பி, பொய் சொல்லல. ஆனா நான் சொன்னது வேற. "உன் தப்பு இல்லய்யா, எல்லாம் இருட்டால வந்த வெனை"ன்னேன். அவன் ஏங்கி ஏங்கி அழுதான். "இல்லப்பா, நான்தான், நான்தான்"னு அதையே சொன்னான். நான் போனை வச்சுட்டேன்.

என்ன தம்பி அப்படிப் பாக்கீங்க? சொல்லியிருக்கணும்ங்கீங்களா? சொல்லுதது சுலுவு. நீங்க சின்ன வயசு, புள்ளை குட்டி பெத்தா தெரியும். அவனுக்கு அம்மா இல்ல. இருக்குதது நான் ஒருத்தன். எங்கப்பா ஓடி வந்திருப்பாருன்னு நம்பிக்கிட்டு இருக்கான். அந்த நம்பிக்கையும் போச்சுன்னா அவன் யாரை வச்சு நிப்பான்? அவனுக்காகத்தான் சொல்லல. எனக்கு என்ன வந்துச்சு, நான் இன்னும் எத்தனை நாளைக்கு? அவனுக்காகத்தான்.

நேத்து அவ நாளு. எலை போட்டேன், ஒத்தையில உக்காந்து கும்பிட்டேன். கதவைத் தொறந்தே வச்சிருந்தேன். வரல. விடிஞ்சதும் லைட்டு எரியலன்னு உங்க ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொன்னதும் நாந்தான். இனி யாருக்காக அதை அமத்தி வைக்க?

அன்னா போன் அடிக்குது பாருங்க. அவன்தான். நேத்துல இருந்து அடிச்சுக்கிட்டே இருக்கான். வேண்டாம், வேண்டாம், நீங்க எடுக்காதீங்க, அங்கயே கெடக்கட்டும். எடுத்தா அவன் நான்தான், நான்தான்னு அதையேதான் சொல்லுவான். நான் என்னத்தச் சொல்ல? அடிச்சு ஓயட்டும். நீங்க போயி லைட்டைப் போடுங்க தம்பி, இருட்டிட்டு வருது.